இருபத்திரண்டரை வோல்ட்

துரைசாணியின் தாய் செத்த மாதம்
பங்களா கூட்டப்போன என் கையில்
அந்தப் பெட்டியைத் தந்தார்கள்.
சவர்க்காரக் கட்டி அளவு. நீண்ட கம்பி,
கம்பியின் முனையில் காதுக்கு ஒரு பொத்தான்,
உள்ளே குட்டிக் குட்டிக் கண்ணாடி விளக்குகள்,
இரண்டு பெட்டரி.

தடித்தது விளக்கு மூட்ட.
அது டவுனில் டோர்ச் விற்கிற கடையிலேயே கிடைக்கும்.
சப்பையானதுதான் சத்தம்.
இருபத்திரண்டரை வோல்ட் என்று
டிஸ்பென்சர் ஐயா சுவரில் கரியால் எழுதிக் காட்டினார்.
அது கப்பலில் வரவேண்டும்.

நெஞ்சு வியாதிக்குத் தொண்ணூறு ஊசி போட்டார்கள் எனக்கு.
நெஞ்சு பிழைத்தது, காது போனது.
ஏழு வருசம் கழித்து முதலில் கேட்டது
என் சொந்த ரவிக்கை.
பெட்டியில் துணி உரசுவது
லொறி கல் கொட்டுவது மாதிரி.
அப்புறம் தகரத்தில் மழை. அப்புறம் சன்னாசியின் இருமல்,
அது எப்போதோ
அவன் அப்பாவின் இருமலாக மாறியிருந்தது.

அளந்துதான் கேட்டேன்.
காலைப் பிரட்டில் என் பேர் வரும்வரை.
கொழுந்து நிறுக்கையில், கணக்கப்பிள்ளை
வாயால் சொல்லும் றாத்தலும் கையால் எழுதும் றாத்தலும்
ஒன்றுதானா என்று பார்க்க.
ஒன்றில்லை.
மிச்ச நேரமெல்லாம் தலையாட்டினேன்.
தலையாட்ட வோல்ட் வேண்டியதில்லை.

உயிர் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பேன்.
புதுசு குளவி மாதிரி கொட்டும்.
நாளாக நாளாகப் பச்சை நெல்லிக்காய்,
அப்புறம் ஒருநாள் வெறும் தகரம்.

சாமான் வருவதை நிறுத்திவிட்டார்களாம்,
கடைக்காரர் கையை விரித்தார்.
கடைசியாக ஒன்று மிஞ்சியிருந்தது.
தேயிலைப் பெட்டி ஈயத்தாளில் சுற்றினேன்.
டிஸ்பென்சர் ஐயா பதறிப் பிடுங்கினார்:
ஈயம் பட்டால் தனக்குள்ளேயே ஓடிச் செத்துப்போகுமாம்.
பிறகு கம்பளித் துண்டில் வைத்தேன்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு
லயத்தில் எல்லாக் காம்பராவுக்கும் வந்த காகிதம்
எங்களுக்கும் வந்தது, கச்சேரிக்கு வரச்சொல்லி.
சன்னாசி முன்னமே கைநாட்டு வைத்திருந்தான்
இரண்டு பேருக்கும், இந்தியாவுக்கு.
என்னைக் கேட்டானாம். நான் தலையாட்டினேனாம்.
ஆட்டியிருப்பேன்.

நுவரெலியாவில் அன்று பனி.
கந்தோர் வாசலில் வைத்துப் பெட்டரியை மாட்டினேன்.
தட்டெழுத்து மெஷின்
நெஞ்சுக்குள் ஆலங்கட்டியாக விழுந்தது.
மேசைக்காரர் ஏதோ கேட்க, பக்கத்தில் நின்றவர்
தமிழில் சொன்னார்:
‘ஒன் சொந்த விருப்பத்துலதான் போறியா?’

விருப்பம் என்ற சொல்
அந்தக் கம்பி வழியாக அதுவரை வந்ததில்லை.
சத்தம் தெளிவாகத்தான் இருந்தது.
நான் ரவிக்கைக்குள் கைவிட்டு
சின்னப் பல்சக்கரத்தைத் திருகினேன்.

‘கேக்கல ஐயா.’

அவர் கத்தினார். உள்ளே ஒரு தங்கப்பல் தெரிந்தது.

‘கேக்கல.’

சன்னாசி பெட்டியைக் காட்டினான்.
கழற்றி மேசையில் வைத்தேன்.
மேசைக்காரர் பொத்தானைத் தன் காதில் வைத்தார்,
தட்டினார், குலுக்கினார்.
எந்தச் சக்கரம் என்று அவருக்குத் தெரியாது.
‘பெட்டரி முடிஞ்சிருச்சு’ என்று
பக்கத்தில் நின்றவர் உதடு சொன்னது.
சிவப்பு மையில் மூன்று மாதம் தள்ளி
ஒரு தேதி போட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் சன்னாசி
கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தான்.
என்னைத்தான் திட்டுகிறான் என்று நினைத்தேன்.
நானுஓயா வளைவில் சக்கரத்தைத் திருகினேன்.
முதலில் என் முந்தானை.
பிறகு எஞ்சின்.
பிறகு அவன்:
‘அங்க நமக்கு யாரு இருக்கான்னு
எழுதிக் குடுத்தேன் நான்?’

தலையாட்டவில்லை நான்.
லிந்துலை வரைக்கும் அணைக்கவில்லை.
யார் யாரோ கூடைக்காரர்களின் பேச்சு, ஒரு கோழி,
கண்டக்டரின் சில்லறை, எல்லாவற்றுக்கும்
வோல்ட் கொடுத்தபடி வந்தேன்.

ராத்திரி அவன் தூங்கியபின் பெட்டியைத் திறந்தேன்.
நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.